பழியெல்லாம் சீனி மேலே

மாமாவின் பெல்ட்டில் நான்கு ஓட்டைகள் புதியவை. அவரே போட்டுக்கொண்டவை. மும்பை தாராவியில் முப்பது வருடமாகத் தோல் வேலை பார்க்கிறவருக்குப் பெல்ட்டில் ஓட்டை போடுவது ஒரு காரியமா? 2022 தீபாவளி சமயத்தில் முதல் ஓட்டை, திருக்கார்த்திகைக்குள் இரண்டாவது. பொங்கலன்று நான் செம்பூரிலிருந்து கரும்பும் கையுமாகப் போனபோது கொக்கி நான்காவது ஓட்டைக்கு வந்துவிட்டிருந்தது. பெல்ட்டின் மிச்ச வால் இடுப்பைச் சுற்றி முதுகுப் பக்கம் வரை போயிருந்தது.

"என்ன மாமா, பாதி ஆளாயிட்டீங்க?" என்றேன்.

"சீனி உள்ளவனுக்கு உடம்பு வத்தாம என்ன செய்யும் ஏட்டி? டாக்டரே சொல்லிட்டாரு, டயட்டு நல்லா வேலை செய்யுதுன்னு" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் இருமலாக மாறியது.

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் சர்க்கரைக்குச் சீனி என்றுதான் பேர். அதனால் வியாதிக்கும் அதே பேர். சென்னைக்காரர்கள் சுகர் என்பார்கள், பத்திரிகைகள் நீரிழிவு என்று எழுதும், மாமா வீட்டில் அது சீனி. பதினோரு வருடமாக வீட்டோடு தங்கிவிட்ட சொந்தக்காரர் மாதிரி அதைப் பற்றிப் பேசுவார்கள். "இன்னைக்குச் சீனி கூடிட்டு." "காலையில சீனி பாத்தீயளா?" அந்தக் குளிர்காலத்தில் மாமாவுக்கு என்ன நடந்தாலும் அதற்குச் சீனியிடம் ஒரு பதில் இருந்தது. உடம்பு இளைத்தால் சீனி. சாயங்காலமானால் அசந்து படுத்தால் சீனி. ராத்திரி பனியன் பிழிகிற அளவு வேர்த்தால், சீனி இறங்கியிருக்கும், வாயில் ஒரு மிட்டாய் போடு. இருமலுக்கு மட்டும் வேறு காரணம் வைத்திருந்தார்கள்: பட்டறையில் தோலை ஒட்டுகிற சொல்யூஷன் வாடை.

இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. அந்தப் பதில்களை நம்பியவர்களில் நானும் ஒருத்தி. அன்றைக்குச் சர்க்கரைப் பொங்கலைத் தொடாமல் வெண்பொங்கலை மட்டும் சாப்பிட்ட மாமாவை, "பரவாயில்லையே, கட்டுப்பாடா இருக்கீங்க" என்று பாராட்டிவிட்டு ஆட்டோ ஏறினேன்.

பக்கத்துத் தெரு டாக்டர் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். நுரையீரலின் கீழ்ப்பகுதியில் வெள்ளைத் திட்டு. நிமோனியா என்று ஏழு நாள் மாத்திரை கொடுத்தார். நான்கு நாள் நன்றாக இருந்தது, அப்புறம் பழையபடி. பிப்ரவரியில் ஒருநாள் காலை வாஷ்பேசினில் சளியோடு ரத்தம். அதற்குப் பிறகுதான் சளியைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். சிபிநாட் என்கிற அந்தக் கருவி சில மணி நேரத்திலேயே சொல்லிவிடும். டிபி.

நான் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தது அன்று ராத்திரிதான். முதலில் கண்ணில் பட்டதே, நீரிழிவு உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு முதல் மூன்று மடங்கு அதிகம் என்ற வரி. இது ஏதோ புதுக் கண்டுபிடிப்பாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. 1922இல் இன்சுலின் ஊசி வருவதற்கு முன்பு, நீரிழிவுக்காரர்களில் எத்தனையோ பேரைக் கடைசியில் கொண்டுபோனது காசநோய். 1934இல் பாஸ்டனைச் சேர்ந்த ஹோவர்ட் ரூட் என்ற மருத்துவர் இந்த இரண்டு நோய்களின் உறவைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகு இன்சுலின் பரவியது, காசநோய்க்கு மருந்து வந்தது, இரண்டு நோயும் தனித்தனித் துறைகளாகப் பிரிந்து தனித்தனிக் கட்டடங்களுக்குப் போய்விட்டன. உலக சுகாதார நிறுவனம் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்படி வழிகாட்டு நெறி வெளியிட்டது 2011இல். இந்தியா தன் சொந்தத் திட்ட வரைவைக் கொண்டுவந்தது 2017இல்.

இந்த உறவு உடம்புக்குள் எப்படி வேலை செய்கிறது என்பதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். காசநோய்க் கிருமி ஒருவருக்குள் போய்விட்டாலே அவர் நோயாளி ஆகிவிடுவதில்லை. நுரையீரலின் காவல் செல்கள் அதைச் சுற்றி வளைத்து ஒரு சின்னக் கட்டிக்குள் பூட்டி வைத்துவிடும். பூட்டுக்குள் அது வருடக்கணக்கில் தூங்கும். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில் 15 வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களில் 31.4 சதவீதம் பேருக்குள் கிருமி இருப்பது தெரியவந்தது. அதாவது ஏறக்குறைய மூன்றில் ஒருவர். தாதரில் கூட்ட நேரத்து லோக்கல் ரயிலில் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மூன்று பேரை நினைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்களுக்கு ஆயுசு முழுக்க அது தூங்கியே போகும். ஆனால் ரத்தத்தில் சர்க்கரை பல காலம் ஏறியே இருந்தால் காவல் செல்கள் மந்தமாகிவிடுகின்றன. எதிரி வந்ததைத் தாமதமாகக் கவனிக்கின்றன, வந்தாலும் சரியாக விழுங்குவதில்லை. பூட்டு துருப்பிடிக்கிறது.

இது ஒருவழிப் பாதையும் இல்லை. காசநோய் வந்ததும் உடம்பு அந்தச் சண்டைக்காகச் சர்க்கரையை ஏற்றிவிடுகிறது. சீனியே இல்லாதவர்களுக்குக்கூட அந்தச் சமயத்தில் தற்காலிகமாக ஏறுவதுண்டு. ஏற்கெனவே இருப்பவருக்குக் கேட்கவே வேண்டாம்.

ஆனால் என்னை உலுக்கியது இதெல்லாம் இல்லை. நீரிழிவுக்காரர்களுக்கு வரும் காசநோய் எக்ஸ்ரேயில் ஆள் மாறாட்டம் செய்யும் என்ற ஒரு சின்னத் தகவல். வழக்கமாக அது நுரையீரலின் மேல்பகுதியில்தான் குடியேறும், டாக்டர்களின் கண்ணும் பழக்கத்தில் அங்கேதான் போகும். சீனி உள்ளவர்களுக்கு அது கீழ்ப்பகுதியில் தெரிவது அதிகம். மாமாவின் எக்ஸ்ரேயில் இருந்தது கீழேதான். எடை குறைவது இரண்டு நோய்க்கும் பொது. அசதியும் பொது. வேர்வைக்கும் சீனியிடம் சாக்கு இருக்கிறது. டிபி தன் அடையாளம் ஒவ்வொன்றையும் சீனியின் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டது.

மாமா மாதாமாதம் சீனிக்காகப் போகிற ஆஸ்பத்திரியின் பெயர் இங்கே வேண்டாம். பதினோரு வருடத்தில் அங்கே எத்தனையோ முறை ரத்தம் எடுத்திருக்கிறார்கள். கண் பார்த்திருக்கிறார்கள், பாதத்தைக் குத்திப் பார்த்திருக்கிறார்கள். நன்றாகத்தான் கவனித்தார்கள், பொய் சொல்லக்கூடாது. ஆனால் இருமல் உண்டா, காய்ச்சல் உண்டா, எடை குறைந்ததா, ராத்திரி வேர்க்கிறதா என்ற நான்கு கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. சீனிக்காக வருகிற ஒவ்வொருவரிடமும் இந்த நான்கையும் கேட்க வேண்டும் என்று 2017 வரைவே சொல்கிறது. ஊசி வேண்டாம், கருவி வேண்டாம், ஒரு நிமிஷம் போதும். பேன்சி பரிசோதனைகளுக்குப் பஞ்சமில்லாத இந்த நகரத்தில் இந்த ஒரு நிமிஷம்தான் கிடைக்கவில்லை.

*

டிபி என்று தெரிந்த அன்றைக்கு வீட்டில் ஒரு ரகசியக் கூட்டம் நடந்தது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் ரகசியம் பேசுவது எப்படி என்று தாராவிக்காரர்களுக்குத்தான் தெரியும். டிவியின் சத்தத்தைக் கூட்டிவிட வேண்டும். மாமா மகளுக்குத் தூத்துக்குடிப் பக்கம் ஓர் இடம் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. டிபி என்று வெளியே போனால் கல்யாணம் அத்தோடு சரி.

"யாரு கேட்டாலும் சீனி கூடிட்டுன்னு சொல்லுங்க" என்றாள் அத்தை.

இரண்டு வியாதிக்கும் ஊரில் உள்ள மரியாதையைப் பாருங்கள். சீனி இருக்கிறது என்று கல்யாண வீட்டுப் பந்தியில் சத்தமாகச் சொல்லலாம், பாயசத்தை நகர்த்தி வைத்துவிட்டுக் கொஞ்சம் பெருமையாகக்கூடச் சொல்லலாம். டிபியை அப்படிச் சொல்ல முடியாது. என் ஆச்சி அதை எலும்புருக்கி என்பாள், அதையும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வாள். சென்னையில் தாம்பரம் சானடோரியம் என்று ஒரு ரயில் நிலையமே இருக்கிறது. 1928இல் டாக்டர் சவுரிமுத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் வந்த பெயர். தினமும் அங்கே ஏறி இறங்குகிறவர்களுக்கு அது நினைவிலேயே இருக்காது. மும்பையில் சிவ்ரி. எனக்குச் சிவ்ரி என்றால் குளிர்காலத்தில் சேற்றுப் பரப்பில் வந்து நிற்கும் பூநாரைகள். அத்தைக்குச் சிவ்ரி என்றால் மாநகராட்சியின் பெரிய காசநோய் ஆஸ்பத்திரி. "சிவ்ரிக்கு அனுப்பிருவாவளோ?" என்று அவள் கேட்டபோது நான் ஒரு நொடி பறவைகளைத்தான் நினைத்தேன்.

அனுப்பவில்லை. காசநோய்க்கு வீட்டிலிருந்தே மருந்து சாப்பிடலாம் என்று உலகத்துக்குக் காட்டியதே நம்ம சென்னைதான். 1956இல் அங்கே தொடங்கிய ஆய்வு மையம், சானடோரியத்தில் தங்கியவர்களையும் குடிசையிலிருந்து மருந்து சாப்பிட்டவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தது. 1959இல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள், கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் ஆபத்து கூடவில்லை. சேத்துப்பட்டில் இன்றும் அந்த நிறுவனம் இருக்கிறது. இதை அத்தையிடம் சொன்னேன். "அப்ப தனி டம்ளர் வேண்டாமா?" என்றாள். வேண்டாம், அது காற்றில் பரவுகிற நோய், சன்னலைத் திறந்து வைத்தால் நல்லது என்றேன். அத்தை சுற்றிலும் பார்த்தாள். அந்த அறைக்குச் சன்னலே கிடையாது.

அந்த ஆய்வில் இன்னொரு சங்கதி உண்டு. வீட்டிலிருந்தவர்கள் சானடோரியத்தில் இருந்தவர்களைவிட மோசமாகத்தான் சாப்பிட்டார்கள், இருந்தும் தேறினார்கள். மருந்தின் வலிமைக்கு அது நல்ல சாட்சி. ஆனால் அதிலிருந்து சாப்பாடு அவ்வளவு முக்கியமில்லை என்ற எண்ணமும் வளர்ந்துவிட்டது என்று நினைக்கிறேன். சாப்பாடு மறுபடி பேச்சுக்கு வர அறுபது வருடத்துக்கு மேல் ஆனது. ஜார்க்கண்டில் நோயாளி வீடுகளுக்கு அரிசியும் பருப்பும் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2023இல் வந்தது. உணவு கிடைத்த குடும்பங்களில் மற்றவர்களுக்குக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. நுரையீரல் காசநோயை மட்டும் எடுத்துக்கொண்டால் 48 சதவீதம். அரிசிக்கும் பருப்புக்கும் தடுப்பூசிக்கு நிகரான வேலை!

எங்கள் வீட்டில் தகராறு தொடங்கியதும் அந்த அரிசியில்தான்.

டிபி மருந்து கொடுக்கிற டாட்ஸ் சென்டரில் சொன்னார்கள்: நல்லா சாப்பிடணும், பால், முட்டை, வாழைப்பழம், வயிறு நிறையச் சோறு. சீனி டாக்டர் பதினோரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தது: வாயைக் கட்டணும், சோறு ஒரு கரண்டி, வாழைப்பழம் பக்கமே போகக்கூடாது. இரண்டு பேரும் தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் இரண்டு பேர் சொல்வதும் போய்ச் சேருவது ஒரே வயிற்றுக்கு. 68 கிலோ இருந்த மனுஷன் 51 கிலோவுக்கு வந்து நிற்கிறார். பசிக்கிறது என்கிறார். தட்டில் எவ்வளவு போடுவது?

இதற்கு இரண்டு ஆஸ்பத்திரியிலும் பதில் கிடைக்கவில்லை. அத்தையாகவே ஒன்றைக் கண்டுபிடித்தாள். சோற்றைப் பாதியாக்கினாள், குழம்பில் பருப்பை இரட்டிப்பாக்கினாள். காலையில் இரண்டு முட்டை. சாயங்காலம் சுண்டலோ அவித்த நிலக்கடலையோ. ஊரிலிருந்து வருகிற பஸ்ஸில் நெத்திலிக் கருவாடு. பக்கத்து வீட்டு மராத்தி அம்மாளிடம் கம்பு மாவில் பாக்ரி ரொட்டி தட்டக் கற்றுக்கொண்டாள். முதல் வாரம் பாக்ரி ஆளுக்கொரு தேசத்தின் வரைபடமாக வந்தது. மாமா, "இது ஷூவுக்கு அடிப்பாகமா வைக்கலாம்" என்றார். ஆனாலும் சாப்பிட்டார். பின்னாளில் ஓர் உணவு நிபுணரிடம் இதையெல்லாம் ஒப்பித்தபோது, "யார் எழுதிக் கொடுத்த டயட் சார்ட்?" என்று கேட்டார். கலோரியைக் குறைக்காமல் மாவுச்சத்தைக் குறைத்துப் புரதத்தைக் கூட்டுவது, அதுதான் சரியாம். அத்தை படித்தது ஐந்தாம் வகுப்பு.

செலவை மட்டும் கேட்காதீர்கள். அரசாங்கம் காசநோயாளியின் சாப்பாட்டுக்காக 2018இல் தொடங்கி மாதம் 500 ரூபாய் கொடுத்துவந்தது. 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ஆனது. மாமாவுக்கு 500 காலம். அவருடைய வங்கிக் கணக்கு ஊர்க் கிளையில், ஆதார் இணைக்காமல் கிடந்ததால் அதுவும் மூன்றாம் மாதம்தான் வந்தது. அதற்குள் அத்தையின் கம்மல் ஒன்று அடகுக் கடைக்குப் போய்விட்டிருந்தது. ஒரு ஜோடிதான், ஆனால் அவள் ஒன்று என்றுதான் சொல்வாள்.

*

மருந்து தொடங்கி இரண்டாவது வாரம் மாமாவின் சீனி 380. சாப்பாட்டுக் கட்டுப்பாடு போய்விட்டது, அதனால்தான் என்று எல்லோரும் அத்தையைத்தான் பார்த்தார்கள். அவள் அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை.

உண்மையை அவிழ்த்தவர் டாட்ஸ் சென்டரிலிருந்து வீடு வீடாக வருகிற ஹெல்த் விசிட்டர். மராத்திக்காரப் பெண். தெருவில் எல்லோருக்கும் அவர் 'தாயி'. மராத்தியில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். தன் மகள் வயதுப் பெண்ணைத் தாயி, தாயி என்று கூப்பிடுவதில் அத்தைக்கு என்னவோ ஒரு சந்தோஷம். அந்தத் தாயி, மாமா சாப்பிடுகிற எல்லா மாத்திரையையும் ஒரு முறத்தில் கொட்டச் சொன்னார். கிளிமிபிரைடு அட்டையைக் கையில் எடுத்து, "இது இப்போது சரியாக வேலை செய்யாது" என்றார்.

காரணம் இதுதான். காசநோய் மருந்துகளில் ரிஃபாம்பிசின் என்று ஒன்று. அது கல்லீரலை முடுக்கிவிடும். முடுக்கிவிட்ட கல்லீரல் மற்ற பல மருந்துகளை வேகவேகமாக உடைத்து வெளியே தள்ளும். கிளிமிபிரைடு மாதிரியான சீனி மாத்திரைகள் அதில் அடிபடுகிறவை. மெட்ஃபார்மின் என்கிற இன்னொரு சீனி மாத்திரைக்கு அவ்வளவு பாதிப்பில்லை. அதாவது மாமா தினமும் தவறாமல் விழுங்கிய சீனி மாத்திரையை டிபி மாத்திரை பாதியிலேயே துரத்தி அடித்துக்கொண்டிருந்தது. சீனி ஏறி இருந்தால் டிபியும் குணமாகத் தாமதமாகும். காசநோயோடு நீரிழிவும் இருந்தால் இறக்கும் அபாயம் கிட்டத்தட்ட இரு மடங்கு என்று படித்தேன். அதை வீட்டில் சொல்லவில்லை.

ஒரே ஆள், ஒரே வாய், இரண்டு கேஸ் பேப்பர். டிபி கேஸ் பேப்பரில் சீனி 'உண்டு' என்று ஒரு வார்த்தை இருந்தது. சீனி கேஸ் பேப்பரில் டிபி என்ற வார்த்தையே இல்லை, ஏனென்றால் மாமா அங்கே போய்ச் சொல்லவே இல்லை. கேட்டதற்கு, "அங்க நம்ம ஊர் ஆட்கள் ரெண்டு பேரு வருவான்" என்றார். ஆஸ்பத்திரிகளை மட்டும் திட்டி எழுதிவிட்டுப் போக முடியாதபடி செய்துவிட்டார் மாமா.

தாயி கொடுத்த சீட்டோடு பெரிய டாக்டரைப் பார்த்தோம். இன்சுலினுக்கு மாற்றினார். அன்றே மாமா கழிவுத் தோலில் இரண்டு அறை வைத்து ஒரு பை தைத்தார், ஒன்றில் டிபி காகிதம், இன்னொன்றில் சீனி காகிதம். எங்கே போனாலும் இரண்டும் சேர்ந்தே போகும்.

இன்சுலின் வந்ததும் அடுத்த கேள்வி, எங்கே வைப்பது? ஃப்ரிட்ஜ் இல்லை. திறந்த குப்பி வெளியில் சுமார் ஒரு மாதம் தாங்கும், அதுவும் 30 டிகிரிக்குள் இருந்தால். மே மாதம் தகரக் கூரைக்குக் கீழே 30 டிகிரிக்கு எங்கே போவது! கூப்பிடு தூரத்தில்தான் கும்பார்வாடா. சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்கள் தலைமுறைகளாகச் சக்கரம் சுற்றுகிற இடம். அத்தை அங்கே போய்ப் பெரிய பானை ஒன்றும் சின்னப் பானை ஒன்றும் வாங்கி வந்தாள். பெரியதில் ஈர மணல், அதற்குள் சின்னது, அதற்குள் பிளாஸ்டிக் டப்பா, டப்பாவுக்குள் இன்சுலின். மேலே ஈரத்துணி. காலையும் மாலையும் மணலுக்குத் தண்ணீர் தெளிப்பாள், ஏதோ துளசிக்கு விடுகிற மாதிரி. ஃப்ரிட்ஜ் இல்லாத வீடுகளுக்கு டாக்டர்களே சொல்லித்தருகிற வழி இது. அத்தைக்குச் சொல்லித்தந்தது கீழ்வீட்டுக் கிழவி.

மற்றதை வேகமாகச் சொல்லிவிடலாம். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதைப் பார்த்து மாமா ரத்தம் என்று பதறினார். ரிஃபாம்பிசினின் நிறம் அது, பயமில்லை. பாதம் எரிந்தது. ஐசோனியசிட் என்ற காசநோய் மருந்தும் நரம்பைத் தொந்தரவு செய்யும், சீனியும் செய்யும். யார் மேல் பழி போடுவது என்று தெரியாமல் பி6 மாத்திரையைக் கூட்டிக்கொடுத்தார்கள். இரண்டாம் மாத முடிவில் சளியில் கிருமி இன்னும் இருந்தது. சீனி உள்ளவர்களுக்கு அப்படி இழுப்பதுண்டு. மருந்துக்கு அடங்காத டிபியோ என்று மறுபடி பரிசோதனைக்குப் போனது. அந்தப் பத்து நாளில் அத்தை நடந்தே மாஹிம் மாதா கோயிலுக்கு இரண்டு புதன்கிழமை போய்வந்தாள். நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை, ஆனால் மும்பையில் அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள். அடங்காத டிபி இல்லை என்று வந்தது.

ஐந்தாம் மாதம் ஒரு விடியற்காலை மாமா தொப்பலாக வேர்த்துக் கிடந்தார். டிபி திரும்பிவிட்டது என்று அத்தை அலறி எனக்குப் போன் செய்தாள். சீனியைப் பார்க்கச் சொன்னேன். 54. ரொம்பக் குறைவு. தொற்று அடங்க அடங்க உடம்புக்குத் தேவைப்படும் இன்சுலின் குறைந்துகொண்டே வரும், அளவைக் குறைக்க வேண்டும். யாரும் குறைக்கவில்லை. நான்கு மாதம் டிபியின் குற்றத்தைச் சீனி சுமந்தது, அன்றைக்கு ஒருநாள் சீனியின் குற்றத்தை டிபி சுமந்தது. சீனித் தண்ணீர் கொடுத்ததும் மாமா எழுந்து உட்கார்ந்து, "எதுக்கு எல்லாரும் அழுதிய?" என்று கேட்டாராம்.

*

சீனி பணக்கார வியாதி, டிபி ஏழை வியாதி என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். அந்தக் கணக்கு எப்போதோ கலைந்துவிட்டது. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுப்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு. இன்னும் 13.6 கோடிப் பேர் வாசலில் நிற்கிறார்கள். அதே 2023இல் உலகில் காசநோய் வந்தவர்களில் 26 சதவீதம் பேர், சுமார் 28 லட்சம் பேர், இந்தியர்கள். இரண்டு கூட்டமும் தனித்தனியாகவா இருக்கும்? 2012இல் தமிழ்நாட்டில் காசநோயாளிகளைப் பரிசோதித்துப் பார்த்ததில் நான்கில் ஒருவருக்கு நீரிழிவு, இன்னொரு கால்வாசிப் பேருக்கு அதன் முந்தைய நிலை. கேரளத்தில் 44 சதவீதம். ஒல்லியாக இருக்கிறவனுக்குச் சீனி வராது என்ற நம்பிக்கையைப் புனே மருத்துவர் யாஜ்னிக் பல வருடங்களுக்கு முன்பே உடைத்துவிட்டார். பார்வைக்கு மெலிந்த இந்திய உடம்புக்குள் கொழுப்பு ஒளிந்திருக்கும் என்று காட்டியவர் அவர். இளமையில் அரைவயிறு, நடுவயதில் ரேஷன் அரிசியும் பாவ் ரொட்டியும் சர்க்கரை தூக்கலாக அரை டம்ளர் கட்டிங் சாயும், நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்த வேலை, சன்னல் இல்லாத அறை. இந்த நகரம் மாமாவுக்கு இரண்டு நோயையும் ஒரே விலாசத்துக்கு அனுப்பிவைத்தது.

சுவர்களில் 'டிபி ஹாரேகா, தேஷ் ஜீதேகா', டிபி தோற்கும், தேசம் ஜெயிக்கும் என்று எழுதியிருக்கிறது. 2000இல் தனக்கே முதுகெலும்பில் காசநோய் வந்ததை அமிதாப் பச்சன் வெளிப்படையாகச் சொல்லி விளம்பரத்தில் நடித்தார். நல்ல காரியம்தான். பச்சனுக்கே வந்ததைச் சொல்லித்தான் மாமாவின் வெட்கத்தைப் பாதியாகக் குறைத்தேன். ஆனால் 2025க்குள் ஒழிப்போம் என்று 2018இல் குறித்த கெடு வந்தும் போய்விட்டது. சீனியை விட்டுவிட்டு டிபியை மட்டும் தோற்கடிக்கிற கணக்கு எப்படிச் சரிவரும் என்று எனக்குப் புரியவில்லை.

2023 ஆகஸ்டில் மாமாவின் மருந்து முடிந்தது. 60 கிலோ. பெல்ட் கொக்கி இரண்டு ஓட்டை பின்னால் வந்திருந்தது. மாமா மகளுக்குத் தூத்துக்குடி இடம் முடியவில்லை. அதற்குக் காரணம் டிபி இல்லை, மாப்பிள்ளை வீட்டார் கேட்ட பவுன். கடைசிவரை அவர்களுக்கு டிபி பற்றித் தெரியாது.

2024 மழைக்காலத்தில் ஒருநாள் அவர்களோடு சீனி ஆஸ்பத்திரிக்கு நானும் போயிருந்தேன். பெஞ்சு நிறையக் கூட்டம். குடைகளிலிருந்து தண்ணீர் சொட்டித் தரை முழுக்க ஈரம். அத்தைக்குப் பக்கத்தில் ஒரு வடநாட்டுக்காரர், நாற்பது வயது இருக்கும், கைக்குட்டையை வாயில் வைத்து இருமிக்கொண்டே இருந்தார். சட்டை தோளிலிருந்து தொங்கியது. அத்தை கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். அப்புறம் தன்னுடைய தாராவி இந்தியில் எத்தனை நாளாக இருமல் என்று கேட்டாள்.

ஒரு மாதமாச்சு என்றார் அவர். "சுகர் ஹை நா, இஸ்லியே." சுகர் இருக்கிறதல்லவா, அதனால்தான்.

அத்தை மாமாவைத் திரும்பிப் பார்த்தாள். மாமா தோல் பையின் இரண்டாவது அறையைத் திறந்து, டாட்ஸ் சென்டர் விலாசம் இருந்த பழைய சீட்டை எடுத்துக்கொண்டு அந்த ஆளின் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார்.